துவிச்சக்கர வண்டியும் வாடகை வீடும்

ஊரிலே பிறந்து ஊரிலே வாழ்வார்க்கு வீடு என்பது தேடிக் காணவேண்டிய பொருளன்று. பாட்டன் நட்ட பலாவும், தந்தை வெட்டிய கிணறும், தாய்வழி வந்த காணியும் பிறக்கும்போதே அவருக்கென அமைந்துவிடும். தலைநகருக்கு உத்தியோகம் பார்க்க வந்தவனுக்கோ முதல் நாளிலிருந்தே வீடு ஒரு கணக்கு. வாடகை எவ்வளவு, முற்பணம் எத்தனை மாதத்திற்கு, தண்ணீருக்கும் மின்சாரத்திற்கும் பொறுப்பு யார், கோயில் எவ்வளவு தூரம், மூலைக் கடையில் நல்லெண்ணெய் கிடைக்குமா என்று அக்கணக்கு நீளும். அதிலே துவிச்சக்கர வண்டி என்ற ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் விடை முழுவதும் மாறிவிடும் என்பதை யாம் கொழும்பிலே அறிந்தோம். மலர்க் குழுவினர் கொழும்பு வாழ்க்கையைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு கேட்டபோது, இதனினும் எமக்கு நன்கு தெரிந்த விடயம் வேறில்லை என்று தோன்றிற்று. தமிழாசிரியரிடம் இலக்கணக் கட்டுரையை எதிர்பார்த்திருந்த நண்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

எம் கல்லூரியில் எம்மோடு படித்தவர்களுக்குத் துவிச்சக்கர வண்டியின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 களிலே குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெயிற் புகைந்தோடிய சில கார்களை ஒழிய, ஊர் முழுவதும் இரண்டு சில்லிலேதான் உருண்டது. விறகும் நெல்லும் மரவள்ளியும் கரியரிலே சென்றன. நோயாளியைப் பாரிலே இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவர் எத்தனை பேர்! 1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த இரவிலே, ஏறி ஓட இடமில்லாத வீதியில் மூட்டை கட்டிய வண்டியை உருட்டிக்கொண்டு நடந்த சிறுவருள் யாமும் இருந்தோம். அக்காலத்து மாணவருக்கு வண்டி காலின் ஓர் உறுப்பு. அதனாலேதான் பின்னர் நகரத்திலே வந்து நின்றபோதும் எமக்கு அது கௌரவக் குறைவாகப் படவில்லை.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கற்பித்தபின், 2019 ஆம் ஆண்டு கொழும்புக்கு மாற்றம் பெற்று வந்தோம். பாடசாலை பம்பலப்பிட்டியிலே, காலி வீதிக்கு நிலப்பக்கமாக அமைந்தது. தங்குமிடம் கொட்டாஞ்சேனையிலே நண்பர் ஒருவருடன் பங்கிட்ட ஓர் அறை. மனைவியும் மகளும் ஊரிலே. மூன்று ஆண்டுகள் பஸ்ஸிலே தொங்கிச் சென்றோம். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமற் போயிற்று. வாகனங்கள் நாட்கணக்காக வரிசையிலே கிடந்தன; பாடசாலைகள் மூடப்பட்டன; புதிய துவிச்சக்கர வண்டியின் விலை ஆசிரியர் ஒருவர் நெருங்க முடியாத உயரத்திற்கு ஏறிற்று. ஆடி மாதக் கடைசியிற் பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, காலஞ்சென்ற எம் தந்தையாரின் பழைய ரலி வண்டியை யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதத்திலே பொதியாக வரவழைத்தோம். கோட்டைப் புகையிரத நிலையத்திலே அதனைப் பெற்றுக் காற்றடித்து ஏறியபோது பொதி இறக்கிய தொழிலாளர் ஒருவர் சிரித்தார். அதற்கு அடுத்த வாரம் அவரும் ஒன்று வாங்கியிருந்தால் வியப்பில்லை, அக்காலம் அத்தகையது.

கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டி செல்லும் வழியைத் துவிச்சக்கர வண்டியிலே சென்றவர்தாம் அறிவர். காலை ஆறு மணிக்குப் புறக்கோட்டை வீதிகள் அகன்று கிடக்கும். காலிமுகத் திடலிலே கடற்காற்று முகத்திலே படும்போது உத்தியோகமே ஓர் உல்லாசமாகத் தோன்றும். நாற்பது நிமிடத்திற் பாடசாலை வாசல். ஆனால் ஒன்றரை மணிக்கு மணியடித்துத் திரும்பும்போது அதே வழி வேறொரு வழி. புறக்கோட்டையிலே நாட்டாமைகள் தள்ளும் கைவண்டி ஒருபுறம், சாமான் இறக்கும் லொறி ஒருபுறம், துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் வண்டி ஒருபுறம். எவரும் தீயவரல்லர், அவரவர்க்கு அவரவர் சுமை. எமக்குத்தான் இடமில்லை. நாற்பது நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாகும். ஒரே தூரம் காலையில் ஒன்றாகவும் பகலில் இரண்டாகவும் இருக்கும் என்பதை யாம் கற்றுக்கொண்டது இங்கேதான். கட்டை கணக்குப் பார்த்து வீடு எடுப்பவர் இதனை நினைவிற் கொள்க.

2023 ஆம் ஆண்டு எம் மகளுக்கு, எம் பாடசாலையிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள பெண்கள் பாடசாலை ஒன்றிலே ஆறாம் வகுப்பிற்கு இடம் கிடைத்தது. இனிப் பங்கிட்ட அறை போதாது. குடும்பம் தங்க ஒரு வீடு வேண்டும். அதன் வாடகை ஓர் ஆசிரியரின் சம்பளத்திற்குள்ளே அடங்க வேண்டும். அவ்வீட்டிலிருந்து மகளைக் கரியரிலே இருத்திக்கொண்டு ஏழரை மணிக்குள் இரு பாடசாலைகளுக்கும் சேர வேண்டும். பள்ளி வானுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் வாடகையையும் கூட்டிப் பார்த்தால், ஒன்றில் வான் அல்லது வீடு என்ற நிலை. வண்டியிலே செல்ல முடியாத இடத்தில் வீடு எடுத்தால் மகள் ஊரிலேயே படிக்க வேண்டியதுதான்.

உறவினர் அனைவரும் ஒரே குரலில் வெள்ளவத்தை என்றனர். எம்மவர்க்குக் கொழும்பிலே அது ஊரின் ஒரு துண்டு. தோசைக்கடை, நகைக்கடை, புத்தகக்கடை, தனியார் வகுப்பு, மாலையிலே தெருவில் நின்று ஊர்ப் புதினம் பேசும் ஓய்வுபெற்றோர் என எல்லாம் அங்குண்டு. பம்பலப்பிட்டிக்கு மிக அண்மையுமாம். யாமும் அங்கேதான் முதலில் தேடினோம். ஆனால் தேடும் முறையிலே ஒன்றை மாற்றிக்கொண்டோம். அறையைப் பார்க்குமுன் வழியைப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். தரகர் ஒருவர் ஒரு முகவரி சொன்னால், மறுநாட் காலை ஆறே முக்காலுக்கு அவ்வீட்டு வாசலிலே வண்டியோடு நின்று, அங்கிருந்து பாடசாலைக்கு ஓடி, கடிகாரத்தைப் பார்ப்போம். கரியரிலே மகளின் நிறைக்கு ஈடாக அரிசி மூட்டை ஒன்று. திருப்தியானால் அன்று மாலை வீட்டினுட் செல்வோம். தரகருக்கு இது விளங்கவேயில்லை. “சேர், வீட்டை வந்து பாருங்கோ, ரோட்டை ஆர் வாடகைக்குக் குடுக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் வீட்டுக்குள் இருப்பது இரவு. விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பகுதி வீதியிலும் பாடசாலையிலும் அல்லவா கழிகிறது.

வெள்ளவத்தையிலே கடற்பக்கத்து ஒழுங்கைகளில் ஆறு வீடுகள் பார்த்தோம். மரைன் டிரைவ் வழியாகச் சென்றால், கடலும் புகையிரதப் பாதையும் இடப்புறம் இருக்க, காலி வீதியின் பஸ் வண்டிகளோடு மல்லுக்கட்டாமல் பம்பலப்பிட்டியை அடையலாம். காலி வீதியிலே 100 ஆம் இலக்க பஸ்ஸும் 101 ஆம் இலக்க பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தித் தரிப்பிடத்திற்குள் சரிந்து நுழையும்போது, இடப்புறத்திலே செல்லும் துவிச்சக்கர வண்டிக்காரனுக்கு நடைபாதை விளிம்பும் பஸ்ஸின் பக்கத் தகரமுமே மிஞ்சும். அத்துன்பம் கடற்கரை வீதியிலே குறைவு. ஆனால் எம் பாடசாலை நிலப்பக்கத்தது. ஆகவே கடைசியிலே ஒருமுறை காலி வீதியைக் குறுக்கே கடந்தேயாக வேண்டும், அதுவும் பள்ளி வான்கள் மொய்க்கும் ஏழு மணிக்கு, பின்னாலே பிள்ளையை இருத்திக்கொண்டு. கொழும்பிலே வீடு பார்ப்பவர் தூரத்தை அளப்பதைவிடப் பெருவீதிகளை எத்தனை முறை குறுக்கே கடக்க வேண்டும் என்று எண்ணுவது நன்று.

காற்றையும் எண்ண வேண்டும். எம்மூரிலே சோளகம் என்போமே, அதே தென்மேற்குக் காற்று வைகாசி முதற் புரட்டாதி வரை கொழும்புக் கரையிலே மோதும். காலையில் வடக்கு நோக்கிச் செல்லும்போது அது முதுகைத் தள்ளும். பகலிலே தெற்கு நோக்கித் திரும்பும்போது மார்பிலே கைவைத்துத் தடுக்கும். வலிகாமத்துத் தோட்டவெளியிற் சோளகத்துக்கு எதிரே மிதித்தவர்க்கு இது புதிதன்று. ஆனால் இங்கே அக்காற்றோடு உப்பும் வரும். கடற்கரை ஒழுங்கை ஒன்றிலே வாழ்ந்த நண்பரின் வண்டியைப் பார்த்தோம். ஒரு வருடத்திலே செயின் துருவேறி, ரிம்மிலே வெள்ளி மங்கி, பெல்லின் மூடி திறக்க முடியாது இறுகியிருந்தது. வாரம் ஒருமுறை எண்ணெய் துடைத்தும் பயனில்லை என்றார்.

வாடகையோ வேறு கதை. இரண்டு அறை கொண்ட மாடிவீட்டிற்குக் கேட்ட பணம் எம் சம்பளம் முழுவதையும் விழுங்கி மேலும் கை நீட்டிற்று. முற்பணமாக ஒரு வருட வாடகை. ஓரிடத்திலே வாடகை பேசி முடிந்தபின் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டோம். காருக்கு இடமுண்டு, துவிச்சக்கர வண்டிக்கு இல்லை என்றார் காவலாளி. மின்தூக்கியில் ஏற்றலாகாது, சுவர் அழுக்காகுமாம். கார் இல்லாத எமக்குக் கார் நிறுத்துமிடமும் சேர்த்தே வாடகை. அவ்விடத்திலே வண்டியை நிறுத்துகிறோம் என்றதற்கு, மற்றைய குடியிருப்பாளர் விரும்பார் என்று பதில் வந்தது. நான்காம் மாடிக்கு ரலி வண்டியைத் தோளிலே சுமந்து ஏறும் வயது எமக்குக் கடந்துவிட்டது.

தெஹிவளையிலே வாடகை குறைவு. எம்மவரும் பலர் உளர். ஆனால் மேம்பாலத்தடியிலும் கால்வாய்ப் பாலத்திலும் காலி வீதி ஒரு புனல்போற் குறுகும். அரிசி மூட்டையோடு ஓடிய முதல் நாளே அதனை விட்டோம். இராஜகிரியவில் நண்பர் ஒருவர் மேல்மாடி அறை இரண்டைக் காட்டினார். அவ்வழியிலே ஒரு வசதி உண்டு. பாடசாலைக்குக் கிழக்கே வாழ்பவன் காலையில் மேற்கு நோக்கிச் செல்கிறான்; வெயில் முதுகிலே. பின்னேரம் கிழக்கு நோக்கித் திரும்புகிறான்; அப்போதும் வெயில் முதுகிலே. நாள் முழுவதும் கண் கூசாது. வானசாஸ்திரம் வாடகைக்கு உதவும் இடம் இது ஒன்றே போலும். ஆயினும் பொரளைச் சந்தி நடுவே நின்றது. பிள்ளையோடு அதனைத் தினமும் இருமுறை கடக்க மனம் துணியவில்லை.

எஞ்சியது பாமன்கடை. வெள்ளவத்தையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே உள்ளே சென்றால், ஹவ்லொக் வீதியும் அவ்வீதியும் சேரும் பகுதி. கடலிலிருந்து போதிய தூரம். உப்புக் காற்றின் கடுமை இல்லை. வெள்ளவத்தைச் சந்தை ஒரு பத்து நிமிட மிதிப்பு. ஆகவே முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கைக்கெட்டும். அங்கிருந்து ஹவ்லொக் வீதியிலே வடக்கே சென்று, டிக்மன்ஸ் வீதியிலே இடப்புறம் திரும்பினால், காலி வீதியைத் தொடுமுன்பே எம் பாடசாலை வந்துவிடும். இடப்புறமாகச் செல்லும் நாட்டிலே இடப்புறத் திருப்பம் எத்துணைச் சுகம் என்பது கார்க்காரருக்குத் தெரியாது. காலி வீதியைக் கடக்க வேண்டியதேயில்லை. புறப்படும் வீதி சிங்கள நாவலாசிரியர் ஒருவரின் பெயர் தாங்கியது. திரும்பும் டிக்மன்ஸ் வீதி இன்று திரைப்பட நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் பெயர் தாங்குவது. எழுத்தாளனுக்கும் கலைஞனுக்கும் வீதி கொடுக்கும் வழக்கத்தை எம்மவரும் இன்னும் தாராளமாகப் பின்பற்றலாம்.

அரிசி மூட்டையோடு பதினேழு நிமிடம். மூன்று நாள் ஓடிப் பார்த்தோம். ஒரு நாள் மழையிலே. இருபத்தொரு நிமிடத்தைத் தாண்டவில்லை. அப்பகுதியிலே கால்வாய் அண்மையிலிருப்பதால், மூலைக் கடைக்காரரிடம் பெருமழையில் வெள்ளம் எதுவரை வரும் என்று கேட்டோம். அவர் வாய் திறவாமல் எழுந்து வந்து, எதிர்மதிலிலே ஒரு கோட்டைச் சுட்டிக் காட்டினார். யாம் பார்த்த வீட்டின் வாசற்படி அக்கோட்டிற்கு இரண்டு முழம் மேலே இருந்தது. வீட்டு விளம்பரத்தினும் மதிற்கோடு நம்பத்தக்கது.

இத்துணைக் கணக்கும் சரியாக வந்தபின், கணக்கிலே அடங்காத ஒன்று எழுந்தது. அவ்வீட்டிற்குரியவர் சிங்கள அம்மையார். அயலும் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். எம் தாயாரிடம் தொலைபேசியிற் சொன்னோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “தம்பி, வெள்ளவத்தையிலை ஒரு சின்ன அறை எண்டாலும் பார். அந்தப் பக்கம் வேண்டாம்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1983 ஆம் ஆண்டு எம் தந்தையார் கொழும்பிலே எழுதுவினைஞர். குடியிருந்தது கிருலப்பனைப் பக்கம், பாமன்கடைக்கு அடுத்த பகுதி. யாம் கைக்குழந்தை. ஆடி மாதத்து அந்த நாட்களில் அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவு எங்களைத் தம் களஞ்சிய அறையிலே மறைத்து வைத்தது. வேறு சிலர் வந்து எங்கள் வீட்டைக் கொளுத்தினர். இரண்டும் ஒரே ஒழுங்கையிலே நடந்தவை. இரத்மலானை முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறை வந்திறங்கியபோது, தந்தையார் அலுவலகம் சென்று வந்த வண்டி மாடிப்படியின் கீழே பூட்டியபடி எரிந்துபோயிருந்தது. அதன் சாவி பல ஆண்டுகள் எம் வீட்டு அலுமாரியிலே கிடந்தது. இன்று யாம் ஓடும் ரலி அதற்குப் பின்பு அவர் வாங்கிய இரண்டாங்கை வண்டி.

ஆகவே எம்மவர் கொழும்பிலே வீடு தேடும்போது அயல் யார் என்று முதலிற் கேட்பதை யாம் அறியாமை என்று தள்ளமாட்டோம். 2007 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பஸ்ஸிலேற்றி வடக்கே அனுப்பியதையும், உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்ததையும் நாம் மறந்துவிடவில்லை. இம்முறை வீடு தேடியபோதும் ஓரிடத்தில் அடையாள அட்டையைப் பார்த்தபின், வேறொருவர் முற்பணம் கொடுத்துவிட்டார் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அச்சத்தின் வரைபடத்தை மட்டும் கையிலே வைத்துக்கொண்டு வீடெடுத்தால், எம் போன்ற சம்பளக்காரன் மகளை ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தாயாரிடம் யாம் இதனைச் சொல்லவில்லை. ஒருமுறை வந்து பாருங்கள் என்றே சொன்னோம்.

அம்மையார் ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். எம் சிங்களம் குறைபாடுடையது. அவர் தமிழோ நாலைந்து சொல். யாமும் ஆசிரியர் என்றதும் அவர் முதலிற் கேட்டது சம்பளத்தையன்று, எந்த வகுப்பு என்பதை. வண்டியை எங்கே நிறுத்தலாம் என்றதற்கு எழுந்து பக்கச் சுவரோரம் அழைத்துச் சென்றார். தகரக் கூரையிட்ட ஓர் ஒடுங்கிய இடம். காலஞ்சென்ற அவர் கணவர் துவிச்சக்கர வண்டியிலே வேலைக்குச் சென்றவராம். சுவரிலே ஹாண்டில் உரசிய தழும்பு இன்னும் இருந்தது. கீழ்த்தளத்திலே இரண்டு அறை, ஒரு சமையலறை. வாடகை எம் சம்பளத்திற் பாதிக்குச் சற்றுக் கூட. முற்பணம் ஆறு மாதம். மனைவியின் தையல் வருமானத்தையும் சேர்த்தால் தாங்கலாம். அன்றே சம்மதித்தோம்.

தாயார் வந்து இரண்டு கிழமை தங்கினார். வந்த அன்று வீட்டினுட் செல்லுமுன் பின்கதவு எங்கே திறக்கிறது என்று பார்த்தார். பின்மதிலுக்கு அப்பால் யார் என்று கேட்டார். அம்மையார் பலாக்காய்க் கறி கொடுத்தனுப்பினார். தாயார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அரியதரம் சுட்டு அனுப்பினார். இருவரும் பொதுமொழி இல்லாமலே முற்றத்திலே கதிரை போட்டு இருந்தனர். ஆயினும் இன்றுவரை ஆடி மாதம் பிறந்தால் தாயார் தினமும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். எல்லோரும் வீட்டிலேதானே என்று கேட்பார். வேறொன்றும் கேட்கமாட்டார். யாமும் விளக்கம் சொல்வதில்லை. எல்லோரும் வீட்டிலே என்று மட்டும் சொல்வோம்.

இப்போது எம் நாள் இப்படிச் செல்கிறது. ஆறே முக்காலுக்குப் புறப்பாடு. மாற்றுச் சட்டை ஒன்று பையிலே; கொழும்பின் ஈரக் காற்றிலே பதினைந்து நிமிடம் மிதித்தால் முதுகு நனையும். ஐப்பசி கார்த்திகையில் மழை பெரும்பாலும் பின்னேரத்திலே இடியோடு வருமாதலால், ஒன்றரைக்கு விட்டதும் வேறெங்கும் நில்லாது திரும்பிவிடுவோம். ரயரும் ரியூப்பும் மாற்றும் செலவு வருடத்திற்கு ஒருமுறை. பஸ்ஸிற்கும் வானுக்கும் போயிருக்க வேண்டிய பணத்திலே மகளுக்குச் சிங்களம் கற்பிக்க ஓர் ஆசிரியை வருகிறார். மகள் இப்போது எம்மைவிட நன்றாகப் பேசுகிறாள். அம்மையாருக்கும் எமக்கும் இடையே மொழிபெயர்ப்பாளரும் அவளே. வாடகை உயர்த்தும் செய்தியையும் சென்ற வருடம் அவள் வாயாலேதான் கேட்டோம்.

கரியரிலே இருந்து செல்ல அவளுக்கு இனி விருப்பமில்லை. வயதும் உயரமும் அதற்கு மேற்பட்டுவிட்டன. தனக்கென ஒரு வண்டி கேட்கிறாள். பக்கச் சுவரோரம் இரண்டு வண்டிக்கு இடமுண்டா என்று அம்மையாரை அவளே கேட்டு, உண்டு என்ற பதிலையும் வாங்கி வைத்திருக்கிறாள். ஆனால் எமக்குச் சரியான வழி அவளுக்கும் சரியாகும் என்று கொள்ள முடியாது. ஹவ்லொக் வீதியிலே பஸ் நெருக்கும்போது வண்டியை நிதானமாக ஒதுக்கும் பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை. உள்ளொழுங்கைகளாற் சுற்றிச் செல்லும் ஒரு வழி இருப்பதாகப் பால் கொண்டு வருபவர் சொல்கிறார். அடுத்த தவணை தொடங்குமுன், ஒரு பாடசாலை நாளிலே காலை ஆறே முக்காலுக்கு அதனை ஓடிப் பார்க்க எண்ணியுள்ளோம்.